செயின் இழுக்குற பழைய ஃப்ளஷ் டேங்க்: ரிப்பேர் பண்ண வழி இருக்கா, மாத்தியே ஆகணுமா?

மாடவீதி_பேத்தி

எல்லாருக்கும் வணக்கம். மயிலாப்பூர்ல எங்க தாத்தா கட்டுன வீடு, 1936ன்னு வாசல் நிலைக்கு மேல சுண்ணாம்புலயே எழுத்து எடுத்திருக்கு. மாடி பாத்ரூம்ல அப்பவே வெச்ச வெஸ்டர்ன் கக்கூஸ் இன்னும் இருக்கு, கோப்பைக்கு உள்ள நீல எழுத்துல ட்வைஃபோர்ட்ஸ், இங்கிலாந்துன்னு முத்திரை, மேல ஆறடி ஏழடி உயரத்துல சுவத்துல இரும்பு டேங்க், அதுலேர்ந்து செயின் தொங்கும், செயின் முனையில பீங்கான் கைப்பிடி. சின்ன வயசுல அந்த கைப்பிடி எட்டாம எம்பி எம்பி இழுத்தது எல்லாம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

இப்ப பிரச்சனை என்னன்னா, ஒரு தடவை இழுத்தா தண்ணி வராது, மூணு நாலு தடவை இழுக்கணும், வந்தாலும் பாதியிலயே புஸ்ஸுன்னு நின்னுடுது. அதுக்கு மேல நாள் முழுக்க கோப்பைக்குள்ள நூல் மாதிரி தண்ணி ஒழுகிட்டே இருக்கு, மோட்டார் போட்டு மாளல. கோப்பை அடியில தரையும் ஈரமா இருக்கு, எங்கேர்ந்து வருதுன்னு தெரியல. தேக்கு சீட்டோட கீல் உடைஞ்சு ஒரு பக்கமா ஆடுது.

ரெண்டு பிளம்பர் வந்து பாத்தாங்க. ரெண்டு பேருமே டேங்க் மூடியக்கூட திறக்கல. கீழேர்ந்தே அண்ணாந்து பாத்துட்டு இதுக்கெல்லாம் பார்ட்ஸ் கிடையாது மேடம், உடைச்சு எடுத்துட்டு புது கமோடு வெச்சிடலாம்னு சொல்லிட்டாங்க. உடைச்சா தரை போயிடும், சிவப்பு ஆக்ஸைடு தரை, இன்னும் கண்ணாடி மாதிரி மின்னுது, அத திரும்ப அப்படி போடுற கொத்தனார எங்க போய் தேடுறது. அம்மாவுக்கு 76 வயசு, அவங்களுக்கு அத உடைக்கிறதுல சுத்தமா இஷ்டமில்ல, எனக்கும் இல்ல. ஆனா தண்ணி வீணாகுறதயும் பாத்துட்டு இருக்க முடியல. இத சரி பண்ணவங்க யாராவது இருந்தா தயவு செஞ்சு சொல்லுங்க, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

பொன்மலை_ஃபிட்டர்

அம்மா வணக்கம். நான் ரயில்வேல இருந்து ரிடையர் ஆனவன், குவார்ட்டர்ஸ்ல இந்த மாதிரி டேங்க் நூத்துக்கணக்குல கழட்டி மாட்டியிருக்கேன். மூடியத் திறக்காம பார்ட்ஸ் இல்லன்னு சொன்னவங்க பேச்ச விடுங்க, இதுல பார்ட்ஸே மொத்தம் நாலஞ்சு தான். முதல்ல அது எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்கிட்டா பாதி ரிப்பேர் நீங்களே கண்டுபிடிச்சிடலாம்.

டேங்க் நடுவுல ஒரு குழாய் நட்டுக்க நிக்கும், அது தான் கீழ கோப்பைக்குப் போற பைப். அது மேல ஒரு இரும்பு மணி கவுத்து வெச்சிருக்கும், நாங்க பெல்னு சொல்லுவோம். செயின இழுத்தா மணி மேல தூக்கும், விட்டா அதோட கனத்துல கீழ விழும், விழும்போது உள்ள இருக்குற தண்ணிய மேல தள்ளி அந்தக் குழாய் வாய்க்குள்ள கொட்டும். ஒரு தடவை வேகமா கொட்ட ஆரம்பிச்சா குழாய்ல இருக்குற காத்தையும் இழுத்துக்கிட்டு போயிடும், அப்புறம் மணி அடிவிளிம்பு வரைக்கும் டேங்க் தண்ணி மொத்தமும் தானா உறிஞ்சிக்கிட்டு இறங்கிடும். கேன்லேர்ந்து மண்ணெண்ணெய் டியூப் வெச்சு வாயால இழுத்து விடுவோமே, அதே கதை தான். அதனால செயின இழுத்து சட்டுனு விடணும், பிடிச்சுக்கிட்டே நிக்கக்கூடாது, விடும்போது தான் தண்ணி வரும். இது தெரியாம புது ஆளுங்க பிடிச்சுக்கிட்டே நின்னு டேங்க் கெட்டுப்போச்சுன்னு சொல்றத நான் நிறைய பாத்திருக்கேன்.

இப்ப உங்க கேஸ். வழக்கமா மூணு நாலு தடவை இழுக்க வேண்டியிருந்தா டேங்க்ல தண்ணி குறைவா நிக்குதுன்னு அர்த்தம். ஆனா உங்களுக்கு கோப்பையில ஒழுகிட்டே இருக்குன்னு சொல்றீங்க. இந்த டேங்க்ல அடியில மூடுற ரப்பரே கிடையாது, தண்ணி அந்தக் குழாய் வாய்க்கு மேல ஏறினா மட்டும் தான் கோப்பைக்கு இறங்கும், இல்லன்னா குழாயே உடைஞ்சிருக்கணும். அப்போ உங்களுக்கு தண்ணி அதிகமா நிக்குது. அதிகமா நின்னும் இழுக்கலன்னா மணி போதிய உயரம் தூக்கல. செயின் மாட்டியிருக்குற லீவர் ஆடுற அச்சு பின் தேஞ்சிருக்கும், ஓட்டை நீள்வட்டமா போயிருக்கும், நீங்க இழுக்குற இழுப்பு அந்த ஆட்டத்துலயே போயிடும். இல்லன்னா மணி உக்கார்ற குழியில வண்டல் கெட்டிப்பட்டிருக்கும்.

பாதியில நிக்குறதுக்கு வேற காரணம். மணியில துரு ஓட்டை இருக்கும். தண்ணி இறங்கி இறங்கி அந்த ஓட்டை வெளிய தெரிஞ்ச உடனே காத்து உள்ள பூந்து உறிஞ்சல் அறுந்துடும். எந்த மட்டத்துல நிக்குதோ அந்த மட்டத்துல தான் ஓட்டை, தேட வேண்டிய வேலையே இல்ல.

தண்ணி ஏன் அதிகமா நிக்குதுன்னா பால் வால்வு (மிதவை உருண்டை மேல ஏறினா தண்ணி வரத்த மூடுற வால்வு) வாஷர் போயிருக்கும், அதோட சுவத்துக்கு வெளிய போற ஓவர்ஃப்ளோ பைப்பும் அடைச்சிருக்கணும், இல்லன்னா அது வழியா வெளிய தான் கொட்டியிருக்கும். வெளிய போய் அந்தப் பைப் வாயப் பாருங்க.

இன்னொண்ணு, இத முதல்லயே சொல்லியிருக்கணும். டேங்க் வார்ப்பிரும்பு, தண்ணியோட சேத்து தலைக்கு மேல தொங்குது. அத தாங்குற ரெண்டு பிராக்கெட்டும் சுவத்துக்குள்ள போற இடத்துல துரு எவ்வளவு தின்னிருக்குன்னு சுரண்டிப் பாத்துட்டு தான் மத்த வேலை. கழட்டும்போது கண்டிப்பா ரெண்டு ஆளு வேணும், தனியா ஏணியில ஏறாதீங்க.

நாஞ்சில்_செல்வி

அக்கா, எங்க அம்மாச்சி வீட்டுலயும் இதே செயின் டேங்க் தான், போன வருஷம் நானும் தம்பியும் சேந்து சரியாக்கினோம். எங்களுக்கு மிதவை தான் பிரச்சனையா இருந்துச்சு. செம்பு உருண்டை, அத கழட்டி காது கிட்ட வெச்சு ஆட்டிப் பாருங்க, உள்ள தண்ணி சலசலன்னு கேட்டா பொத்தல் விழுந்திருக்குன்னு அர்த்தம், தண்ணி ஏற ஏற உருண்டை மிதக்காம அமுங்கிக் கிடக்கும், வால்வு மூடவே மூடாது. பாத்திரத்துக்கு ஈயம் பத்த வைக்கிறவர் ஒருத்தர் கிட்ட குடுத்தோம், அவர் முதல்ல சின்னதா இன்னொரு ஓட்டை போட்டு உள்ள இருந்த தண்ணிய முழுக்க வடிச்சு வெயில்ல காய வெச்சுட்டு தான் நெருப்பு காட்டினார், தண்ணியோட சூடு பண்ணா ஆவி அடைபட்டு வெடிச்சிடுமாம், அதனால வீட்டுல நீங்களா செய்யாதீங்க. பிளாஸ்டிக் உருண்டையும் மாட்டலாம், தண்டோட மரை பொருந்துதான்னு பழசக் கையில கொண்டு போய் பாத்து வாங்கணும், அளவு சொல்லி வாங்கினா கண்டிப்பா மாறிப்போகும்.

அப்புறம் கோப்பையில இருக்குற உப்புக் கறைக்கு பாட்டில் ஆசிட் ஊத்தாதீங்க அக்கா. உங்க சிவப்பு தரையில ஒரு சொட்டு தெறிச்சாலும் வெளுத்து அரிச்சிடும், சிமெண்ட் ஜாயிண்டையும் தின்னிடும். நாங்க கோப்பையில நிக்கிற தண்ணிய ஒரு பழைய துணியால ஒத்தி எடுத்துட்டு சிட்ரிக் ஆசிட் பொடிய வெந்நீர்ல கரைச்சு ஊத்தி ராத்திரி பூரா விட்டோம், மறுநாள் மரக்கரண்டியால தட்ட தட்ட ஏடு ஏடா வந்துச்சு. மூணு ராத்திரி ஆச்சு. கொதிக்கிற தண்ணி ஊத்திடாதீங்க, பழைய பீங்கான் விரிசல் விட்டுடும்.

போரூர்_வாசி

எல்லாரும் ரிப்பேர் பண்ணுங்கன்னு சொல்றீங்க, நான் மாத்தி சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. 2019 ஜூன் மாசம் சென்னையில நாங்க தண்ணி லாரிக்கு ராத்திரி ஒரு மணிக்கு குடத்தோட நின்னோம், பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டு கிடந்துச்சு. அதப் பாத்ததுக்கு அப்புறம் ஒரு தடவைக்கு 12, 13 லிட்டர் ஊத்துற டேங்க எப்படி வெச்சுக்க மனசு வருதுன்னு எனக்குப் புரியல. நாலு பேர் வீடு, ஆளுக்கு அஞ்சு தடவைன்னா 20 தடவை, தடவைக்கு 12.5 லிட்டர்னா 250 லிட்டர். இப்ப வர்ற, முழுசுக்கு 6 லிட்டர் பாதிக்கு 3 லிட்டர் ஊத்துற டூயல் ஃப்ளஷ்ல நாலு தடவை முழுசு, 16 தடவை பாதின்னு போட்டா 72 லிட்டர். தினம் கிட்டத்தட்ட 180 லிட்டர் வித்தியாசம். பழைய பொருள் மேல பாசம் இருக்கலாம், தப்பே இல்ல, ஹால்ல ஒரு பக்கமா வெச்சு பூந்தொட்டியாக்கிக்கலாமே.

பொன்மலை_ஃபிட்டர்

போரூர் தம்பி சொல்றது நியாயமான கேள்வி, இதுக்கு பதில் சொல்லாம ரிப்பேர் பண்ணுன்னு சொல்றது சரியில்ல. ஆனா கணக்குல ஒண்ணு விட்டுட்டார். டூயல் ஃப்ளஷ்ல தண்ணிய பிடிச்சு வெக்கிறது அடியில இருக்குற ஒரு ரப்பர் வளையம். போர் தண்ணி உப்புல ரெண்டு மூணு வருஷத்துல அது படியாம போயி சத்தமே இல்லாம கோப்பை பின்பக்கமா வழிஞ்சிட்டே இருக்கும், கண்ணுக்குக்கூட தெரியாது. செயின் டேங்க்ல அந்த ரப்பரே இல்ல. பால் வால்வும் ஓவர்ஃப்ளோ பைப்பும் ஒழுங்கா இருந்தா அதுல தானா ஒழுகவே வழியில்ல.

அளவக் குறைக்கவும் வழி இருக்கு. மிதவைத் தண்ட வளைச்சு தண்ணி மட்டத்த இறக்கிடலாம்னு பண்ணாதீங்க, மட்டம் ரொம்ப இறங்கினா உறிஞ்சலே ஆரம்பிக்காது. செங்கல்லும் போடாதீங்க, கரைஞ்சு குழியில வண்டலாயிடும். மேல துரு ஓட்டைய பத்தி சொன்னேன்ல, அதே தத்துவம் தான். மணியில துரு ஓட்டைய அடைச்சுட்டு, எவ்வளவு தண்ணி போனதும் நிக்கணுமோ அந்த மட்டத்துல கால் இஞ்சு ஓட்டை ஒண்ணு போட்டு மரை வெட்டி பித்தளை ஸ்க்ரூ போட்டுக்கணும். ஸ்க்ரூவ எடுத்தா அந்த மட்டத்தோட நின்னுடும், ஸ்க்ரூ போட்டா முழுசா இறங்கும். முதல்ல டேங்க் எவ்வளவு பிடிக்குதுன்னு பக்கெட்டால ஊத்தி அளங்க. வெள்ளைக்காரன் டேங்க் 2 கேலன்னா 9 லிட்டர், 3 கேலன்னா 13 அரை லிட்டர் வரும். இங்கிலீஷ் கோப்பைங்க நிறைய 2 கேலனுக்கே செஞ்சது, அதனால 9 லிட்டருக்கு சுத்தமாகணும். 6 லிட்டருக்கு இறக்காதீங்க, இந்தக் கோப்பை வளைவு அதுக்கு செஞ்சதில்ல, கீழ பைப்ல தங்கி அடைக்கும், அப்புறம் ரெண்டாம் தடவை இழுத்து மிச்சம் பிடிச்சத விட்டுடுவீங்க.

லூயிஷம்_பரணி

அக்கா, நான் லண்டன்ல இருக்கிறன். நாங்க வாங்கின வீடு நூறு வருசத்துக்கு மேல பழசு, பின் பக்கத்துக் கக்கூஸில உதே மாதிரி சங்கிலித் தாங்கி (டேங்க்) தான். இங்க உதுகள ஆக்கள் தேடித்தேடி வாங்கித் திருத்திப் பூட்டீனம், நீங்க வச்சிருக்கிறத உடைக்க வேண்டாம்.

ஃபிட்டர் ஐயா சொன்னது முழுக்க உண்மை. இங்க 2001 ஜனவரி வரைக்கும் வீட்டுத் தாங்கிக்கு சைஃபன், அதாவது ஐயா சொன்ன அந்த உறிஞ்சல் முறை தான் சட்டம், தண்ணி களவா ஒழுகக்கூடாதெண்டு தான் அப்பிடி வச்சவங்கள். பிறகு தான் புதுத் தாங்கிக்கு 6 லீற்றர் எண்டு குறைச்சு வால்வையும் விட்டவங்கள். இப்ப அந்த வால்வுகள் ஒழுகிற பிரச்சினைய இங்க எல்லாரும் கதைக்கினம்.

என்னட்ட ரெண்டு விசயம் இருக்கு. ஒண்டு, பழைய பெயின்ற். அந்தக் காலத்து இரும்புக்கு ஈயம் கலந்த சிவப்புப் பூச்சு அடிச்சிருப்பாங்கள், அத காஞ்சபடி கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சா தூசி நெஞ்சுக்குள்ள போகும், சின்னப் பிள்ளையள் இருக்கிற வீட்டில அது சரியான ஆபத்து. தண்ணி தெளிச்சு ஈரமா வச்சுத் தேய்க்க வேணும், முகமூடி போட வேணும், விழுந்த சேறைக் கடதாசியில அள்ளிக் கட்ட வேணும், வளவுக்குள்ள கொட்டக்கூடாது. ரெண்டாவது, கோப்பை வெடிச்சிருக்கோ எண்டு பாக்க வேணும். மேல மயிர் மாதிரி கோடுகள் வலை வலையா இருந்தா அது பளபளப்புப் பூச்சில மட்டும் தான், பயமில்ல. காசால மெல்லத் தட்டிப் பாருங்கோ, கிண்ணெண்டு கேட்டா நல்லம், செத்த சத்தம் கேட்டா உள்ளுக்க வெடிப்பு. அடி வளைவில வெடிப்பெண்டா மட்டும் கோப்பைய மாத்தத்தான் வேணும், பசை பூசி வச்சிருக்கிறது சுகாதாரமில்ல. தாங்கிய அப்பவும் வச்சிருக்கலாம்.

கக்கூஸ் எண்ட சொல்லே டச்சுக்காரன் விட்டிட்டுப் போனது அக்கா, அந்தச் சொல்ல நாங்க இன்னும் பாவிக்கிறம்.

மாடவீதி_பேத்தி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, மூணு வாரம் கழிச்சு வர்றேன், என்ன நடந்துச்சுன்னு முழுசா எழுதுறேன், யாருக்காவது உதவும்.

முதல் நாளே வெளிய போய் ஓவர்ஃப்ளோ பைப்பப் பாத்தேன். வாய் நிறைய குளவி மண்கூடு! குச்சி விட்டுக் குத்துனதும் கொட கொடன்னு தண்ணி வெளிய கொட்டுச்சு, கோப்பையில ஒழுகுறது அந்த நிமிஷமே நின்னுது. அது எத்தனை வருஷமா அப்படி இருந்துச்சோ, நாங்க பாட்டுக்கு மோட்டார் போட்டுட்டே இருந்திருக்கோம், நினைச்சா மனசு ஆறல. பால் வால்வு வாஷர் தோல், காஞ்ச சருகு மாதிரி இருந்துச்சு, ரப்பர் போட்டாச்சு. மிதவை நல்லா இருக்கு செல்வி, ஆட்டிப் பாத்தேன், சத்தமில்ல.

தரை ஈரத்துக்கு தான் ரொம்ப பயந்தேன். டேங்க்ல துணி நீலம் கலந்து விட்டு கோப்பையச் சுத்தி நியூஸ்பேப்பர் பரப்பி வெச்சேன். அடியில நீலம் வரல, பின்பக்கம் மேல வந்துச்சு. ஃப்ளஷ் பைப் கோப்பைக்குள்ள நுழையுற இடத்துல துணியும் புட்டி பசையும் வெச்சு கட்டியிருந்தாங்க, அது உளுத்துப் போயி ஒவ்வொரு ஃப்ளஷுக்கும் கொஞ்சம் பின்னாடி வழிஞ்சு தரைக்கு வந்திருக்கு. பாரிஸ் கார்னர் பக்கம் பழைய பைப்ப அளந்து எடுத்துட்டுப் போய் ரப்பர் கூம்பு வாங்கி மாட்டுனோம். கோப்பைய காசால தட்டிப் பாத்தோம் பரணி, கோயில் மணி மாதிரி கேக்குது.

அப்புறம் டேங்க். ரெண்டு பசங்கள வெச்சு கயிறு கட்டி இறக்கினோம். ஃபிட்டர் ஐயா சொன்ன மாதிரியே மணியோட பக்கவாட்டுல பச்சப்பயறு அளவுக்கு ஒரு ஓட்டை, தண்ணி பாதியில நிக்குற அதே மட்டத்துல! லீவர் பின் பாதி தேஞ்சு பென்சில் முனை மாதிரி இருந்துச்சு. குழியில வண்டல் மட்டும் ஒரு சொம்பு அள்ளினோம். லேத் பட்டறையில ஒரு பெரியவர், வார்ப்பிரும்ப சாதா வெல்டிங் வெச்சா பக்கத்துலயே விரிசல் விடும்னு சொல்லி மெதுவா சூடு பண்ணி கேஸ்ல பித்தளை வெச்சு அடைச்சுக் குடுத்தார், பின்னும் புதுசா கடைஞ்சு குடுத்தார், ஸ்க்ரூ ஓட்டையும் அவரே போட்டார். மணியத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இத செஞ்சவன் கைய கும்பிடணும்மான்னார்.

பிராக்கெட் ஒண்ணு சுவத்துக்குள்ள தகடா போயிருந்துச்சு. ஐயா, நீங்க சொல்லலன்னா அத நாங்க பாத்திருக்கவே மாட்டோம். ரெண்டுமே புதுசா ஆங்கிள்ல அடிச்சு மாட்டியாச்சு, பழைய வளைவு பிராக்கெட்ட அழகுக்கு முன்னாடி அப்படியே விட்டிருக்கோம், பாரம் அதுல இல்ல.

போரூர் சார், உங்க கணக்கு என்னை ரெண்டு நாள் தூங்க விடல, அதனால அளந்தே சொல்றேன். முழு டேங்க் 13 லிட்டர் சொச்சம். ஸ்க்ரூ எடுத்துட்டு விட்டா 9 லிட்டர் பக்கம் நிக்குது, கோப்பை சுத்தமா போகுது, பத்து நாள் பாத்தாச்சு. ஒண்ணுக்கு மட்டும் போனா செயின இழுக்காம ஒரு சொம்பு தண்ணி ஊத்துறதுன்னு வீட்டுல எல்லாரும் ஒத்துக்கிட்டோம். மாடியில நாங்க மூணு பேர் தான், இப்ப நாளைக்கு 40 லிட்டருக்குள்ள முடியுது. உங்க 72 லிட்டர் நாலு பேருக்கு, ஆள் கணக்குல பாத்தா நாங்க இப்ப அதவிடக் கீழ.

பாக்கி இருக்குறது சீட் தான். தேக்குப் பலகை நல்லா இருக்கு, கீல் தான் வேணும். அப்புறம் டேங்க் உள்பக்கம் வெறும் இரும்பா இருக்கு, அப்படியே விடலாமா?

போரூர்_வாசி

அளந்து பாத்து எழுதுனதுக்கு நன்றிங்க. ஆள் கணக்குல நீங்க சொல்றது சரி தான், ஒத்துக்கிறேன். எங்க வீட்டு டூயல் ஃப்ளஷ்ல நேத்து நீலம் விட்டுப் பாத்தேன், அரை மணி நேரத்துல கோப்பையில நீலம் இறங்கிடுச்சு. ரப்பர் வளையம் மாத்தணும்.

நாஞ்சில்_செல்வி

அக்கா சீட்டுக்கு பித்தளை கீல் தான் போடணும், இரும்பு வேண்டாம், ஈரத்துல துருப்பிடிச்சு தேக்குல கருப்பா இறங்கிடும். ஸ்க்ரூவும் பித்தளையே வாங்குங்க. பழைய வார்னிஷ உப்புத்தாள் போட்டு எடுத்துட்டு எண்ணெய் மட்டும் ரெண்டு கை பூசாதீங்க, வழுக்கும், பிசுபிசுக்கும், நல்ல வாட்டர்ப்ரூஃப் வார்னிஷா மூணு கோட்டு அடியில விளிம்புல எல்லாம் சேத்து அடிங்க.

பொன்மலை_ஃபிட்டர்

வெறும் இரும்பா விடாதீங்கம்மா. உள்ள துருவ சுரண்டி நல்லா காய விட்டு கருப்பு பிடுமினஸ் (தார்) பெயிண்ட் ரெண்டு கோட்டு, வெளிய ரெட் ஆக்ஸைடு பிரைமர் மேல எனாமல். மணியோட அடிவிளிம்புல பெயிண்ட் கட்டியா தங்கக் கூடாது, உக்கார்றது சாயும். ரெண்டு கோட்டும் முழுசா காயணும், நாலு நாள் ஆனாலும் பரவாயில்ல, வாசனை போகாம தண்ணி விட்டுடாதீங்க, ஏடா உரிஞ்சு வந்து குழியில போய் அடைக்கும். அந்த நாலு நாளைக்கு பக்கெட் தான்.